சூரியனுக்குள் ஒரு போட்

உங்கள் மேசையில் இருக்கிற ஜெனிஸ்டனின் கமராப் பட்டி பிழையாகக் கோர்க்கப்பட்டிருக்கிறது, சேர். இப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தால் என்றைக்காவது வளையத்திலிருந்து நழுவிக் கீழே விழும். அவனுக்கு முதல் வகுப்பிலேயே சொன்னேன். காதில் வாங்கினால்தானே. இந்தக் கதை முடிந்ததும் தந்தீர்களென்றால் ஒரு நிமிடத்தில் சரிப்படுத்தித் தருகிறேன்.

என் பெயர் றொமேஷ். கற்பிட்டி ரவுனில் வீட்டோடு சேர்த்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், ஞானஸ்நானம், முதல் நன்மை, கொடியேற்றம், செத்த வீடு என்று இந்தக் கரையில் எது நடந்தாலும் நான் கமராவோடு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த பிறகு, ஸ்டூடியோவின் பின்னறையில் புதிதாகக் கமரா பிடிப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதனால்தான் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும், மறைக்க என்ன இருக்கிறது.

டொல்பின் போட் ஓட்டுகிற ஜெனிஸ்டனின் இரண்டு கண்ணும் பழுதானதற்கு நான்தான் காரணம் என்று என் மனைவி அஜித்தா பொலிஸுக்கு வந்து உங்களிடம் முறைப்பாடு சொல்லியிருக்கிறாள். நீங்கள் நல்ல மனிதர். தேத்தண்ணீர் தந்து, "மாஸ்டர், சூரியனைப் பற்றின அந்த எச்சரிக்கையச் சொல்ல மறந்திட்டீங்க, அப்பிடித்தானே?" என்று வழியும் காட்டினீர்கள். ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். வகுப்பில் நான் எதையும் மறக்கிறவன் இல்லை. இந்தக் கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதலில் வெளிச்சக் கணக்கு உங்களுக்கு விளங்க வேண்டும். அது விளங்காவிட்டால் நான் என்ன செய்தேன் என்பதும் விளங்காது.

நம் பக்கத்து ஆட்களுக்கு உப்பளத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். பாத்திக்குத் தண்ணீர் விடுகிற வாயில் ஒரு பலகை இருக்கும் அல்லவா. அந்தப் பலகையை எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதுதான் லென்ஸின் துவாரம். அப்பச்சர் என்போம். எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்பது ஷட்டர். பாத்தி எவ்வளவு ஆழம் என்பது ஐ.எஸ்.ஓ. ஆழம் குறைந்த பாத்தி கொஞ்சத் தண்ணீரிலேயே நிரம்பிவிடும், ஆனால் வாரும்போது உப்போடு சேறும் வரும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினாலும் அதேதான். இருட்டிலும் படம் விழும், கூடவே புள்ளி புள்ளியாக அழுக்கும் விழும். இந்த மூன்றையும் ஒத்துப்போக வைக்கத் தெரிந்தால் படம் சரி. தண்ணீர் கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் வாய்ச்சவடால்.

எல்லாரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் அப்பச்சர் இலக்கம். இலக்கம் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும். ஜெனிஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணன், இது தலைகீழ்க் கணக்கா இருக்கே. இருவத்திரண்டு எண்டா ஊசி முனையாம், நாலு எண்டா வாசல் கதவாம். இத கண்டுபிடிச்சவன் எந்தக் கள்ளு குடிச்சவனோ" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவன் அதை மற்ற எல்லாரையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

உப்பளக் கதையில் ஒரு குறை இருக்கிறது, சேர். பலகையை இறக்கினால் அது இறங்கியபடியே நிற்கும். இந்த மாதிரி உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த கமராவில் அப்படியில்லை. நீங்கள் துவாரத்தை இருபத்திரண்டில் வைத்தாலும், வியூஃபைண்டர் என்கிற பார்வைத் துளையில் கண்ணை வைத்துப் பார்க்கிற நேரமெல்லாம் லென்ஸ் முழுதாகத் திறந்தேதான் இருக்கும். பொத்தானை அழுத்துகிற அந்தக் கணத்தில் மட்டும் துவாரம் சுருங்கிப் படம் விழும், உடனே திரும்பத் திறந்துகொள்ளும். துவாரத்தைச் சுருக்குவது படத்தைத்தான் காப்பாற்றும். கண்ணைக் காப்பாற்றாது. நீண்ட லென்ஸைப் போட்டுக்கொண்டு அதற்குள்ளால் சூரியனைப் பார்த்தால் கண்ணின் நடுப்பகுதி வெந்துபோகும். நோகாது. அதுதான் அதில் இருக்கிற மோசம், நோகாது.

இந்தக் குறையை நான் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்றாவது வகுப்பில் திருத்திச் சொல்வேன். ஜெனிஸ்டன் இருந்த பிரிவுக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு, கேக் அடித்து விற்கிற ஷிம்லாவுக்காக, கேக்கை ஜன்னலோரம் வைத்து எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். மற்றவர்களும் கலியாணவீடு, கடைச் சாமான் என்று எடுக்கிறவர்கள், சூரியன் பக்கமே போகமாட்டார்கள். அவர்களுக்கு ஆபத்து இல்லை என்பதை நான் யோசித்துப் பார்த்துத்தான் விட்டேன். நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் என்று கேட்கிறீர்கள்.

ஜெனிஸ்டனுக்குக் கமரா சும்மா கிடைத்தது. டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். அவனுடைய மனைவி சுதர்சினி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முதல் நாளே என்னிடம் சொன்னான்: "அண்ணன், பிள்ளை பிறந்த உடன முதல் படம் நான்தான் எடுக்கோணும். உங்கட ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டன், குறை நினைக்காதீங்க." நான் குறை நினைக்கவில்லை. அதற்கு என்ன, படி என்றேன். நல்ல ஆளாகத்தான் தெரிந்தான். கதை கொஞ்சம் கூட. போட்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன், வாய் ஓயாது.

இரண்டாவது வகுப்பு முடிந்து வீட்டு வேலையாக ஒரு முகத்தை எடுத்து வரச் சொன்னேன். மற்றவர்கள் தாயையும் பிள்ளையையும் நேராக நிற்க வைத்து எடுத்து வந்தார்கள். இவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எங்கள் குசினி வாசலில் கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அஜித்தாவை எடுத்தான்.

அந்தப் படத்தில் வெளிச்சம் பிழை, சேர். பின்னால் இருந்த சுவர் வெளுத்துப்போய் ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. ஷட்டர் வேகம் போதாமல் கை அசைந்திருந்தது. நான் புள்ளி போட்டால் பாதிக்கு மேல் கொடுக்கமாட்டேன். ஆனால் அஜித்தா சிரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கணவாய் மை, நெற்றியிலும் கொஞ்சம். தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுதும் தெரிய, கண் சுருங்கி, கடவுளே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக வெளிக்கிட்டு நின்ற ஷிம்லா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ், இது அஜித்தா அக்காவா? என்ன வடிவு! மாஸ்டர், நீங்க ஏன் இவங்கள இப்படி ஒருநாளும் எடுக்கல்ல?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், கபடமில்லாத பிள்ளை.

அஜித்தா அந்தப் படத்தைப் பெரிதாக அடிக்கச் சொன்னாள். என் மெஷினில் நானே அடித்துக்கொடுத்தேன். தலவில் கோயில் திருவிழாவுக்குச் சேலை உடுத்தி, நான் லைட் பிடித்து எடுத்த அவளுடைய படம் ஒன்று முன்னறையில் அலுமாரிக்கு மேல் இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன். அவள் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள்.

"அவன் என்ன சொல்லிச் சிரிக்க வச்சான்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. கடலில போட் ஆடின ஆட்டத்தில ஒரு வெள்ளைக்காரி சத்தி எடுத்த கதைய சொல்லிக்கொண்டிருந்தான். படம் எடுக்கிறான் எண்டதே எனக்கு மறந்துபோச்சு."

"நான் எடுக்கேக்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எடுக்கேக்க மறக்கேலாது" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன், அவளும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அப்படிக் கேவலமான எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தின்றது அவன் கண்தான். ஒரே வீட்டில், ஒரே குசினி வாசலில், இத்தனை வருஷம் என் கண்ணில் படாத ஒன்று அவன் கண்ணில் இரண்டாம் கிழமையே பட்டிருக்கிறது. துவாரமும் ஷட்டரும் நான் சொல்லிக்கொடுக்கலாம். அந்தக் கண்ணை யார் அவனுக்குக் கொடுத்தது? காலையில் எழும்பினால் அந்தப் படம், சோறு தின்னும்போது அந்தப் படம். நித்திரை இல்லை. பொறாமை என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு நியாயம் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்ததுதான் அந்த மூன்றாவது வகுப்பு.

வகுப்பு முடிந்ததும் அவனை மட்டும் நிற்பாட்டிச் சொன்னேன்: கந்தக்குழிக் கரையில் பின்னேரம் போட்டுகள் வலைக்குப் போகும், நீண்ட லென்ஸ் போட்டால் சூரியன் சாப்பாட்டுத் தட்டளவுக்கு வரும், அந்தத் தட்டுக்குள் ஒரு போட் கறுப்பாகக் கடந்து போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அவன் கண் விரிந்தது. என் நீண்ட லென்ஸை நான் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அவனுக்குக் கொடுத்தேன். "நம்ப ஏலாம இருக்கு அண்ணன்" என்று இரண்டு கையாலும் வாங்கினான்.

அன்றைக்கு நல்ல காற்று. சூரியன் கடலுக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கும்போதே நாங்கள் போய்விட்டோம். ஐ.எஸ்.ஓ. நூறு, துவாரம் இருபத்திரண்டு, ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் அவனே சொன்னான், நான் சரி என்று தலையாட்டினேன். கமராவின் பின் திரையில் பார்த்து எடுக்கட்டுமா என்று கேட்டான். திரையில் பார்த்திருந்தால் அவனுக்கு ஒன்றும் நடந்திருக்காது. திரையில் பார்த்து எடுக்கிறவனுக்கு போன் போதும், கமரா எதற்கு என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்தான்.

வைத்த உடனே எடுத்துவிட்டான். "கூசுது அண்ணன்."

"துவாரம் எதில இருக்கு?"

"இருவத்திரண்டில."

"அப்ப?"

அவன் தன் தலையில் தட்டிக்கொண்டான். "ஊசி முனை. ஓம், ஓம். பலகைய இறக்கியாச்சு." திரும்பவும் கண்ணை வைத்தான். கடலில் வெயிலைப் பார்த்தே வளர்ந்தவன், கூச்சம் தாங்குவது அவனுக்குப் பெருமை. அது எனக்குத் தெரியும்.

சூரியன் இறங்கி வருகிற வழியை மேலேயிருந்தே கண்ணால் பிடித்துக்கொண்டு வர வேண்டும், கண்ணை எடுத்தால் போட் கடந்துபோய்விடும் என்று சொன்னேன். எந்தப் படக்காரனும் அப்படிச் செய்வதில்லை, சேர். சூரியன் சிவந்து தண்ணீரைத் தொடுகிற நேரம் கமராவை எடுத்தால் போதும். கமராவைத் தாங்கிய முக்காலி, ட்ரைபொட், காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று நான் மணலில் குந்தி இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தேன். நான் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் விழுந்தது. வீட்டுக்கு வந்தோம். வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டினேன், அவன் பின்னால் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான்.

அடுத்த நாள் விடிய அவன் போட்டை எடுத்துக்கொண்டு போய், நேர் முன்னால் கிடந்த வலை மிதவையைக் காணாமல் அதன் மேலேயே ஏற்றிவிட்டான். நல்ல காலம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதோடு போட்டைக் கட்டினான், இன்றுவரை தொடவில்லை. கொழும்புக் கண் டொக்டரிடம் அவனை பஸ்ஸில் போகவிடவில்லை. என் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணின் நடு வெந்திருக்கிறது, இனித் திரும்பாது, ஓரத்தால் மட்டும் தெரியும் என்று டொக்டர் சொன்னார். அவன் அழவில்லை. சுதர்சினிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையில் குந்திவிட்டாள். நான்தான் தூக்கிக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது. முதல் படத்தை நான்தான் எடுத்தேன், வேறு யார் எடுக்க. அவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை அங்கே திருப்பினான், இங்கே திருப்பினான், கடைக்கண்ணால் பிடிக்கப் பார்த்தான். நேரே பார்த்தால் பிள்ளையின் முகம் இருக்கிற இடத்தில் சாம்பல் நிறமாய் ஒரு வட்டம்தான் நிற்கிறதாம். "அண்ணன், ஆர மாதிரி இருக்கிறாள்?" என்று கேட்டான். உன்னை உரிச்சு வச்ச மாதிரி என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நானே கொண்டுபோய் அவன் வீட்டுச் சுவரில் மாட்டினேன். வெளிச்சம் அருமையாக வந்திருந்தது. கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்பேன், கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஆட்கள் என் காதுபடவே சொன்னார்கள்.

பிறகு புதிய பிரிவு ஒன்று சேர்ந்தது. மூன்றாவது வகுப்பில் வழக்கம்போல் உப்பளக் கதையின் குறையைச் சொல்லி, நீண்ட லென்ஸால் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று எச்சரித்தேன். தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்ற அஜித்தா அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ பிரிவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், என் பாடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எதை எப்போது சொல்வேன், எங்கே பகிடி விட்டுச் சிரிக்க வைப்பேன் என்றுகூடத் தெரியும். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளைகள் போன பிறகு கேட்டாள்.

"ஜெனிஸ்டன்ட வகுப்பில நீங்க இத சொல்லல்ல. அண்டைக்குக் கேக் படம் காட்டினீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஓம்."

"மறந்திட்டீங்களா?"

அவளும் எனக்கு வழி காட்டத்தான் பார்த்தாள், உங்களைப் போலவே. நான் வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னை அப்படி முழுதாகப் பார்த்ததே இல்லை. அடுத்த நாள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆனால் அவளுக்கும் முழுதும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் பின்னேரத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். டொக்டர்கூட அதில்தான் நின்றார். ஒரு கண்ணால்தானே எல்லாரும் கமராவைப் பார்ப்பார்கள், இரண்டும் எப்படி வெந்தது என்று கேட்டார். ஜெனிஸ்டன் பக்கத்தில் நின்ற என்னைப் பாராமலே, "மாத்தி மாத்திப் பாத்தன் டொக்டர், என்ட பிழைதான்" என்றான். என் பெயரை எடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறான் போலும்.

சூரியன் இன்னும் இறங்கவில்லை, போட் எதுவும் வரவில்லை. அவன் தலையைத் தூக்கி, "அண்ணன், வலது கண்ணில பூ மாதிரி என்னவோ நிக்குது. போகுதில்ல. இண்டைக்கு இவ்வளவு காணும், போவமா?" என்று கேட்டான். ட்ரைபொட்டின் காலைப் பிடித்தபடியே நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். வலது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடது கண் நல்ல தெளிவாக இருந்தது. ஒரு கண் போதும், சேர். ஒரு கண்ணால் போட் ஓட்டலாம், பிள்ளையைப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். அதை நான் ஆறுதலாக யோசித்தேன். அவசரப்படவில்லை.

"வலது களைச்சிட்டுது. இடதை வை" என்றேன்.

வைத்தான். சூரியன் தண்ணீருக்குக் கிட்ட வரும்வரை வைத்த கண் வாங்காமல் நின்றான். கடைசியில் போட் வந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்து, "இப்ப அமத்து" என்றேன், அவன் அமத்தினான். படம் இந்தக் கமராவில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். சூரியன் நடுவில், போட் அதற்குள்ளே, முன் அணியத்தில் நிற்கிறவனின் கைவிரல்கூடத் தெரியும். வெளிச்சம் கச்சிதம்.

அவன் திரையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான், தூரக் கொண்டுபோனான். "எனக்கு நடுவில ஒண்டும் தெரியுதில்ல. சரியா வந்திருக்கா அண்ணன்?" என்று கேட்டான். மிக அருமையாக வந்திருக்கிறது, உன்னைப்போல் ஒருவன் என் வகுப்புக்கு வந்ததே இல்லை என்று அவன் தோளில் தட்டிச் சொன்னேன். நான் அவனை ஒருநாளும் வாய்திறந்து பாராட்டியதில்லை என்று அஜித்தா உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய், சேர். அன்றைக்கு நான் அவனை மனதாரப் பாராட்டினேன்.